பொடக்காளியில் பதினான்கு பணியாளர்கள்

மனிதன் தான் உண்பதைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்காடு மலையில் சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கையின் மூலம் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு இந்த மலையில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது பற்றிச் சுற்றறிக்கையில் தகவல் இல்லை.

இதற்கென்று தன்னுணவு இயக்க அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. வீடு வீடாக ஆய்வு நடக்கும். தோட்டம் உள்ள வீட்டுக்குப் பச்சை அட்டை. தோட்டம் இல்லாமல் வீட்டுக்குப் பின்னால் இடத்தை மட்டும் வைத்திருப்பவர்களின் இடம் 'பயனற்ற நிலம்' என்று வகைப்படுத்தப்பட்டு, மாதிரி உணவுப் பூங்காவுக்காக எடுத்துக்கொள்ளப்படும். பூங்காவின் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். நான்கில் மூன்று பங்கு கார் நிறுத்தும் இடம். மீதியில் டிக்கெட் கவுண்டர் போக எஞ்சிய இடத்தில் உணவு விளையும்.

சுற்றறிக்கையை வரவேற்றவர்களில் முதன்மையானவர்கள் நாங்கள்தான். நாங்கள் என்றால், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் சம்பாதித்துவிட்டு மலைக்கு வந்து சேர்ந்து, மண்ணோடு வாழத் தொடங்கிய பதினேழு குடும்பங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் சந்திரசேகர் தலைவர். இருபது வருடம் கணினியோடு இருந்தவர். அவர் வீட்டு மாடியில் நாற்பது பைகளில் கேல் கீரை வளர்த்தார். மண் சேலத்திலிருந்து வந்தது, தென்னைநார்க் கழிவு பொள்ளாச்சியிலிருந்து வந்தது, விதை ஹாலந்திலிருந்து வந்தது. வெயில் மட்டும் உள்ளூர். முதல் அறுவடையில் ஒன்பது இலைகள் கிடைத்தன. அவற்றின் புகைப்படத்துக்கு நாங்கள் அனைவரும் கைகூப்பும் படத்தைப் போட்டோம்.

ஆய்வு வாழவந்தி கிராமத்துக்கு வந்தபோது முதலில் அகப்பட்டவர் லூர்துசெல்வி. காப்பி எஸ்டேட்டில் களையெடுக்கும் வேலை. கணவர் இல்லை, மகள் சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள். சாலையோரம் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால், எங்கள் பக்கத்தில் பொடக்காளி என்போமே, அங்கே மூன்று சென்ட் இடம். மாலையில் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் அவர் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கீரை பறிக்கப் பின்னால் போவார். தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார். வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் காய்கறி என்று எதுவும் வாங்கியதில்லை.

ஆய்வுக்கு வந்த களப்பணி அலுவலர் சிவரஞ்சனி சேலத்துப் பெண், இருபத்தாறு வயது. கையில் டேப்லெட். பொடக்காளியைப் பார்த்தார். இடுப்பளவுக்குப் பச்சை.

"அக்கா, தோட்டம் எங்கீங்க?"

"இதானுங்க."

"இது காடு மாதிரி இருக்குதுங்களே. சரி, இது என்ன?"

"மணத்தக்காளி. அது பண்ணைக்கீரை. இந்தாண்ட புளியாரை. ஓரத்துல குப்பைக்கீரை, மொடக்கத்தான், பெரண்டை."

"மணத்தக்காளி விதைச்ச தேதி?"

"வெதைக்கலீங்களே. குருவி கொண்டாந்து போட்டிருக்கும்."

"குருவி என்னிக்குப் போட்டுது?"

லூர்துசெல்வி யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நான் எஸ்டேட்டுக்குப் போயிருந்தனுங்க அப்ப."

சிவரஞ்சனி டேப்லெட்டைக் காட்டினார். விதைத்த தேதி இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. விதை வாங்கிய ரசீது இல்லாமல் அதற்கடுத்த பக்கம் திறக்காது. விதைக்காமல் வந்தவற்றுக்குத் திட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: களை.

"களையாவே இருக்கட்டுங்க. பத்தொம்பது வருஷமா அதத்தான திங்கறேன்."

"களை இருந்தா அது பயனற்ற நிலமுங்க அக்கா. பூங்காவுக்குப் போயிரும்."

"பூங்காவுல என்ன போடுவீங்க?"

"இயற்கையா வர்ற கீரையெல்லாம் போடறதாத் திட்டமுங்க."

லூர்துசெல்வி பொடக்காளியைப் பார்த்தார். பிறகு சிவரஞ்சனியைப் பார்த்தார். பதினைந்து நாள் அவகாசம் என்று ஒரு காகிதம் கொடுக்கப்பட்டது. பயிர் ஒவ்வொன்றின் பெயர், வந்து சேர்ந்த தேதி, அன்றாட நிலை ஆகியவற்றைக் காட்டும் பதிவேடு ஒன்றைத் தாக்கல் செய்தால் மறுபரிசீலனை செய்யப்படும் என்று அதில் இருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் ஆரோக்கியதாஸிடம் போனார். ஆரோக்கியதாஸ் அந்த எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"பேரு, சேர்ந்த தேதி, தெனசரி நெலை. இதென்னம்மா பெரிய வித்தை. செக்ரோல்தான கேக்கறான்."

"செக்ரோல் ஆளுங்களுக்குத் தானுங்களே?"

"யாருக்குன்னு இதுல எழுதியிருக்குதா? இல்லீல்ல. நீ அந்த வெளக்குல எண்ணெய் ஊத்து, கரண்டு போயிட்டுப் போயிட்டு வருது. இப்பவே எழுதிரலாம்."

எஸ்டேட்டில் ஆள் வேலைக்கு வந்தால் செக்ரோலில் ஒரு பேர் போடுவார்கள். அரைநாள் வேலை என்றால் அரைப்பேர். வராவிட்டால் ஆப்சென்ட். உலகத்தில் உள்ள எதையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம் என்பது ஆரோக்கியதாஸின் அனுபவம். பொடக்காளியில் பதினான்கு வகை இருந்தன. பதினான்கு பெயர்களையும் நீண்ட பேரேட்டுத் தாளில் வரிசையாக எழுதினார். சேர்ந்த தேதி தெரியாதவற்றுக்கு, எஸ்டேட்டில் பிறந்த நாள் தெரியாத ஆட்களுக்குப் போடுவதுபோல, ஜூன் ஒன்று என்று போட்டார். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து வேலியோரம் நின்று பெயர் வாசித்து, இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். அந்தப் பதினைந்து நாளில் அவருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

சிவரஞ்சனி மறுபடி வந்தார். பேரேட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"செவ்வாய்க்கிழமை பண்ணைக்கீரை ஆப்சென்ட்டுன்னு இருக்குதுங்களே?"

"அன்னிக்குக் கடைஞ்சுட்டனுங்க."

"காரணம் என்னான்னு போடட்டும்?"

"சொந்த வேலைன்னு போடுங்க," என்றார் ஆரோக்கியதாஸ். "நாங்க அப்படித்தான் போடுவோம்."

"புளியாரைக்கு மட்டும் ஏனுங்க அரைப்பேர்?"

"பாதிதான் பறிச்சேன் கண்ணு. தொவையலுக்கு அது போதும்."

சிவரஞ்சனி பேரேட்டைப் படம் எடுத்து ஏற்றினார். டேப்லெட் இரண்டு விநாடி சுற்றியது. இப்படிக் கட்டம் கட்டமாக உள்ள தாளை அது எங்கோ பார்த்திருக்கிறது. பணியாளர் வருகைப் பதிவேடு என்று தானாகவே அடையாளம் கண்டுகொண்டு, பச்சை விளக்கைக் காட்டியது.

"இது பச்சை காட்டி நான் பார்த்ததே இல்லீங்க," என்றார் சிவரஞ்சனி. தாள் எந்த வகையில் ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து லூர்துசெல்விக்குக் கடிதம் வந்தது. 'தங்கள் நிறுவனத்தில் பதினான்கு பணியாளர்கள் பணிபுரிந்துவருவது எமது கவனத்துக்கு வந்துள்ளது. அவர்களுக்குச் செய்து தரப்பட்டுள்ள வசதிகள் குறித்து நேரில் விசாரித்து அறிக்கை அனுப்புமாறு களப்பணி அலுவலர் பணிக்கப்படுகிறார்.'

களப்பணி அலுவலர் பணிக்கப்பட்டபடி பஸ்ஸில் வந்தார். இந்தத் தடவை என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். டேப்லெட்டைப் பையிலிருந்து எடுக்காமல் வேலியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அழிச்சுடலாமா கண்ணு?" என்றார் லூர்துசெல்வி.

"அழிக்க முடியாதுங்க அக்கா. வேலையை விட்டு நீக்கத்தான் முடியும். அதுக்கு நாலு காரணம்தான் குடுத்திருக்கு. ராஜினாமான்னா கைநாட்டு வேணும். ஓய்வுன்னா வயசு ஐம்பத்தெட்டு ஆகணும். ஒழுங்கீனம்னா மூணு எச்சரிக்கை குடுத்திருக்கணும். மரணம்னு போடலாம். பதினாலு பேரு ஒரே எடத்துல ஒரே நாள்ல செத்தா போலீஸ் வருமுங்க."

"வேண்டாம் சாமி. இருந்துட்டுப் போகட்டும்."

"அப்படின்னா கேள்விக்குப் பதில் சொல்லிருங்க. குடிதண்ணி வசதி?"

"காலையில ஒரு கொடம், சாயந்தரம் ஒரு கொடம்."

"வெயிலுக்கு நெழல்?"

"சில்வர் ஓக் மரம் இருக்குதுங்க."

"வார விடுமுறை?"

"ஞாயித்துக்கெழமை நான் கோயிலுக்குப் போயி, அப்படியே தங்கச்சி ஊட்டுக்குப் போயிருவேன். அன்னிக்கு ஒருத்தரும் தொட மாட்டாங்க."

"ஆளுங்க குறை ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் வாயத் தொறந்ததில்லீங்க."

"தங்குற எடம்?"

"இங்கயேதானுங்க. பொறந்ததுல இருந்து."

அத்தனையும் உண்மை. சிவரஞ்சனி அத்தனையும் எழுதினார். இந்த மாவட்டத்தில் இவ்வளவு வசதிகள் உள்ள நிறுவனம் வேறு இல்லை என்று தெரியவந்தது. பணியாளர்கள் குடியிருக்கும் நிலத்தைப் பூங்காவுக்காக எடுக்க விதியில் இடமில்லாததால், பொடக்காளி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அன்று மாலை லூர்துசெல்வி மணத்தக்காளியைப் பறித்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சாறு வைத்தார். சிவரஞ்சனியும் ஆரோக்கியதாஸும் அங்கேயே சாப்பிட்டார்கள். மறுநாள் செக்ரோலில் மணத்தக்காளிக்குச் சொந்த வேலை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் இடம் தப்பியது என்றால் அது எப்படித் தப்பியது என்று ஊர் கேட்கும். ஒரே மாதத்தில் வாழவந்தி, கொட்டச்சேடு, கரடியூர் எங்கும் பொடக்காளிகள் நிறுவனங்களாயின. ஆரோக்கியதாஸ் ஸ்கூட்டர் வாங்கினார். எங்கள் குழுவும் பின்தங்கவில்லை. சந்திரசேகரின் நாற்பது பைகளும் தனித்தனியே பணியில் சேர்க்கப்பட்டன. அவருடைய கேல் கீரை பெரும்பாலும் மருத்துவ விடுப்பில் இருந்தது.

மலையில் புதிதாக ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், அனைவரும் வேலை செய்யும் இடத்திலேயே தங்கியிருப்பதாகவும் அறிக்கை போனது. அறிக்கையைப் படித்த பஸ் அதிகாரிகளுக்கு நியாயமாகவே ஒரு கேள்வி எழுந்தது. எல்லோரும் இருக்கும் இடத்திலேயே வேலை பார்க்கிறார்கள் என்றால் பஸ்ஸில் போகிறவர்கள் யார்? காலை பஸ் நின்றது. பிறகு மாலை பஸ் நின்றது.

மனுக் கொடுக்க நடந்துதான் போனோம். மனுவை வாங்கிக்கொண்டவர், இந்த வழியில் பயணிகளே இல்லை என்பதற்கு, பஸ் ஓடாத கடைசி இரண்டு வாரத்தின் டிக்கெட் விவரத்தைக் காட்டினார்.

ஆகவே மலை நடந்தது. எஸ்டேட் ஆட்கள் நடந்தார்கள். சிவரஞ்சனி நடந்தார். கார் இருந்தும் நாங்கள் நடந்தோம், அது ஒரு நல்ல பழக்கம் என்று சந்திரசேகர் சொன்னதால். நடக்கிறவனுக்குப் பசிக்கும். பசிக்கிறவன் கண்ணுக்குச் சாலையோரத்தில் உள்ளதெல்லாம் தெரியும். அதைப் பறித்து வாயில் போடுவதற்கு 'வழியுணவு' என்று சந்திரசேகர் பெயர் வைத்தார். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து ஆட்கள் கூடையோடு வந்து எங்களோடு நடந்தார்கள். மக்கள் சாலையெங்கும் தாமே உணவு சேகரிக்கக் கண்டதாகவும், திட்டம் நூறு சதவீதம் நிறைவேறிவிட்டதாகவும் அலுவலகம் அறிவித்தது.

சாலையோரம் காலியான பிறகு, சாலையோரத்து வீடுகளின் பொடக்காளி வந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை. லூர்துசெல்வி வீட்டில் இல்லை. நாங்கள் பன்னிரண்டு பேர். வேலி தாண்டக்கூடிய உயரம்தான். யாரோ ஒருவர் பண்ணைக்கீரையின் மருத்துவக் குணங்களை விளக்கினார். யாரோ ஒருவர் படம் எடுத்தார். பெங்களூர்ப் பெண் ஒருத்தி வேரோடு பிடுங்கிக்கொண்டாள், தன் பால்கனியில் வைப்பதற்கு. வேரோடு பிடுங்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் தோன்றியது.

லூர்துசெல்வி தங்கை வீட்டிலிருந்து நடந்து வந்தபோது நாங்கள் கூடைகளைச் சாலையில் வைத்துப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் கூடைகளைப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று சென்டும் செம்மண்ணாகக் கிடந்தது.

சந்திரசேகர் எழுந்து நின்றார். "அக்கா, நொம்ப அருமையான கீரை. இதோட மதிப்பே உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியறதில்ல. எங்களுக்குத்தான் தெரியுது."

லூர்துசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆப்பீஸ்காரங்க எடுத்துருந்தா நாலு பேருகிட்டப் போயிச் சொல்லலாமுங்க," என்றார். "நீங்கெல்லாம் இவ்வளவு ஆசையா எடுத்துட்டுப் போறீங்க. உங்களப் பத்தி யாருகிட்டீங்க போயிச் சொல்றது?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பங்குக்குப் பண்ணைக்கீரையும் கொஞ்சம் புளியாரையும் வந்தன. வீட்டில் கடைந்தோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது.