அடுத்த ஞாயிறு நிச்சயம்

"ஹென்றி, இது சுத்துதில்லை!"

நவரட்ணராஜா தண்டைப் பிடித்து இன்னொரு முறை முக்கிப் பார்த்தார். மொரிஸ் மைனர் காரின் எஞ்சின் பலகைமேல் மல்லாந்து கிடந்தது. தபாற்கந்தோருக்குப் போகுமுன் ஒரு விரலுக்கே சுழன்ற கிராங் தண்டு, திரும்பி வந்தபோது இரண்டு கைக்கும் அசையவில்லை.

ஹென்றி குனிந்து பார்த்தார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எஞ்சின் பிட்டராக இருந்தவர். அம்பிட்டியவில் நவரட்ணராஜாவின் பக்கத்து வீட்டுக்காரர். வேலை நடந்த கொட்டகையும் அவருடையதுதான்.

"மூடி மாறிக் கிடக்கு அண்ணே. ரெண்டாம் பிஸ்டன் ரொட்டோட மூடி மூணாவதுல. ஜோடி மாத்திப் போட்டா பெயாரிங் இறுகிரும்."

"நம்பரைப் பாத்துத்தானே போட்டனான்?"

"மனசு எங்கயாச்சும் இருந்திருக்கும்."

மனசு எங்கே இருந்தது என்பது அம்பிட்டிய முழுவதற்கும் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லீலாதேவி யாழ்ப்பாணத்துக்கு ஆசிரியை வேலையை மாற்றிக்கொண்டு போனாள். பேராதனை ஆய்வுகூட உத்தியோகத்தை விட முடியாமல் இவர் இங்கேயே நின்றார். தொண்ணூறில் போரினால் யாழ்ப்பாணப் பாதை அடைபட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவளை நான்கு தரம்தான் கண்டிருக்கிறார். இப்போது பென்ஷனும் வந்துவிட்டது, பாதையும் திறந்துவிட்டது. வாடகை வீட்டை விடுவதாகவும் சொல்லியாயிற்று. எஞ்சின் ஒன்றுதான் பாக்கி.

"பஸ்ஸில போகலாமே சேர்?" என்று உதிரிப்பாகக் கடை அனீஸா கேட்டாள்.

"கலியாணம் முடிச்சு அவவைக் கூட்டிக்கொண்டு வந்தது இந்தக் காரில, பிள்ளை. இதிலதான் வாறன் எண்டு எழுதியும் போட்டன்."

கலவரத்தன்று அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போய் விறகுக்குள் மறைத்தவர் ஹென்றி. இரண்டு குடும்பமும் ஆறு நாள் கோயில் சாமான் அறையில் ஒரே பாயில் கிடந்தார்கள். பிறகு லீலாதேவி போனாள். ஹென்றியின் மனைவி பியட்றிஸும் கண்ணை மூடினாள்; மகளும் கலியாணம் கட்டி அடுத்த ஊருக்குப் போனாள். இருவரும் பின்னேரங்களில் கடதாசிச் சீட்டு விளையாடிக் காலத்தைக் கழித்தார்கள்.

மூடிகளைச் சரியாக மாற்றி, பெயாரிங்குகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி இறுக்கினார் நவரட்ணராஜா. தண்டு வெண்ணெயாகச் சுழன்றது. உடனே உட்கார்ந்து எழுதினார்: 'அன்புள்ள லீலா, பெயாரிங் பொருந்திவிட்டது. அடுத்த ஞாயிறு நிச்சயம்.' அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சுழற்றினால், கறகறவென்று சத்தம்.

"மணல்!" என்று ஹென்றி தலையில் கை வைத்தார். "காத்துல வந்திருக்கும்."

தண்டில் கீறல் விழுந்திருந்தது. பிலிமத்தலாவைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்தார்கள். தண்டு மெலிந்ததும் பழைய பெயாரிங் தளர்ந்தது. தடித்த பெயாரிங் கொழும்பிலிருந்து வர ஒரு மாதம் பிடித்தது.

லீலாதேவியிடமிருந்து பதில் வந்தது. 'நான் சுகம். பெயாரிங்கைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.'

அவர் அதை நாலு தரம் வாசித்தார். அவளுடைய எழுத்து முன்னைவிடச் சின்னதாகியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறாளோ? அதுகூடத் தெரியாத புருஷனாகிவிட்டேனே என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

புதிய பெயாரிங் பூட்டியாயிற்று. 'அடுத்த ஞாயிறு நிச்சயம்' என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தார். நாலாம் மூடி கழன்று கிடந்தது. உள்ளே இருந்த பாதிப் பெயாரிங்கைக் காணவில்லை.

"நான் இதைப் பூட்டினனானே, ஹென்றி?"

"பூட்டினதா நெனச்சிருப்பீங்க அண்ணே."

கொட்டகையைக் கவிழ்த்துத் தேடினார்கள். எல்லாரையும்விட ஹென்றிதான் அதிகம் தேடினார். மேசைக்கடியில் தவழ்ந்து முழங்காலையும் சிராய்த்துக்கொண்டார். தனக்கு மறதி நோய் வந்துவிட்டதென்றே நவரட்ணராஜா முடிவு கட்டினார். இந்த மூளையோடு போய் அவளுக்கு என்ன பிரயோசனம் என்று ஒரு நாள் சாப்பிடாமலும் கிடந்தார். அன்று சோறு கொண்டுவந்து, பக்கத்தில் இருந்து சாப்பிட வைத்தவரும் ஹென்றிதான்.

இன்னொரு மாதம் கழித்து அடுத்த ஜோடி வந்தது. பூட்டி முடித்ததும் அவர் எழும்பவில்லை.

"லெட்டர் போடலையா அண்ணே?"

"எழுதி எழுதி வெக்கமாக் கிடக்கு. இந்த முறை சொல்லாமல் போறன்."

"போட்டுட்டு வாங்கண்ணே. அக்கா பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"வேண்டாம்."

"முத்திரை இல்லாட்டி நான் தாறேன்..."

"வேண்டாமெண்டால் விடுமன்!"

அவர் கொட்டகையை விட்டு நகரவேயில்லை. அன்றே எஞ்சின் காருக்குள் ஏறியது. சாவியைத் திருப்பியதும் பூனைபோல உறுமிக்கொண்டு நின்றது. நவரட்ணராஜாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. ஹென்றிக்கும் கலங்கியது.

ஞாயிறு காலை பெட்டிகளை ஏற்றினார். வழியனுப்ப ஹென்றியைக் காணவில்லை. மகள் திரேசாதான் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள்.

"கொப்பர் எங்கை பிள்ளை? நாலு மாசம் எனக்காக முறிஞ்ச மனுசன். ஒரு வார்த்தை சொல்லாமல் எப்பிடிப் போறது?"

திரேசா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"உங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா இருக்காம் அங்கிள். நீங்க லெட்டர் போடப் போன நேரமெல்லாம் கழட்டிப் போட்டது அவருதான்; நீங்களும் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா?"