பஞ்சாயத்துக்குப் போன ஏரிப் படம்

காஞ்சிபுரத்தில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்த ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. அவருக்கும் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனைவியே, தேடி வருகிறவர்களிடம், "கம்பவுண்டர் இன்னும் வரலைங்க" என்றுதான் சொல்வார்.

1960களின் கடைசியில், தன் நாற்பத்தாறாம் வயதில், இயற்கைக் காட்சி வரையும் ஆசை அவரைத் திடீரென்று பிடித்துக்கொண்டது. வண்ணங்களைக் கரைத்து மருந்துப் புட்டிகளில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகித அளவு ஒட்டி, நன்றாகக் குலுக்கிய பிறகே தூரிகையை நனைப்பார். ஒருமுறை நீலப் புட்டியை மறதியாக இருமல்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றும், இருமல் அன்றே நின்றுவிட்டது என்றும் தெருவில் பேச்சு.

ஞாயிறுதோறும் பஸ் ஏறித் தென்னேரி கிராமத்து ஏரிக்கரைக்குப் போய்விடுவார். அவர் வரைந்ததைப் பட்டுக்கடைக்காரர் ஒருவர் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாபா இது, ஒரே தண்ணியா கீது? சாமி எங்க?"

"சாமிய வரைய ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்கபா. ஏரிக்கு யாரு இருக்காங்க?"

நான் அப்போது நூலகத்தில் எழுத்தர். தேதி போடாத காகிதத்தைக் கண்டால் எனக்குக் கை நமைக்கும். "பின்பக்கம் நாள், நேரம், திசை எல்லாம் எழுதுங்க. பின்னால வர்றவங்களுக்கு ஒரு சான்று" என்று நச்சரித்தேன்.

"நீ சொல்லுபா, எழுதறேன்" என்றார். ஆவணி இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி, மேற்கு நோக்கி என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உள்ளது உள்ளபடி வரைந்தது" என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன்.

மாசியில் தென்னேரி விவசாயி ஒருவர் கம்பவுண்டரைத் தேடி வந்தார். அவருடைய வரப்பில் இருந்த இரண்டு பனைகளில் ஒன்றைப் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே எப்போதும் ஒரே மரம்தான் என்று சாதிக்கிறாராம்.

"நீ அத்த வரைஞ்சிக்கினு இருந்தத நானே பார்த்தேன்பா. அந்த மரந்தான் எல்லைக்கு அடையாளம். மரம் போச்சுன்னா வரப்பும் போச்சு. பஞ்சாயத்துல வந்து படத்த காட்டு."

தன் படத்தைக் கேட்டு ஒருவர் வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. கம்பவுண்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பஞ்சாயத்துப் பெரியவர் படத்திலிருந்த பனைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இவன் ரெண்டுன்றான். அவன் ஒண்ணுன்றான். இதுல மூணு கீதேபா?"

கம்பவுண்டர் ஓரத்துப் பனையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு பக்கம் வெறிச்சுன்னு இருந்துச்சுங்க. அழகுக்கு ஒண்ணு நான் வெச்சேன்."

"அப்போ ரெண்டாவதும் நீ வெச்சதுதான்!" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"உள்ளது உள்ளபடின்னு எழுதிக்கீதே, யாரு எழுதச் சொன்னது?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நானே எழுதினதுங்க" என்றார்.

வரப்பு கைமாறியது. அந்த விவசாயி கோபப்படக்கூட இல்லை. "உன்ன நம்பி வந்தேன்பா" என்று சொல்லிவிட்டு, படத்தைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்ததும் கம்பவுண்டர் மரங்களை எண்ண ஆரம்பித்தார். மேயும் மாடுகளை எண்ணினார். அவை இடம் மாறின. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அடுத்த பொங்கலுக்குள் புட்டிகளெல்லாம் கழுவப்பட்டு மருந்துக்கே திரும்பிவிட்டன.

"ஏங்க விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது எறங்கிடுதுபா."

அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தாலும் அந்த விவசாயிக்கு வரப்பு கிடைத்திருக்காது. ஆனால் சிரிப்பில் பாதி என் மேல் விழுந்திருக்கும். மீதியைக் கம்பவுண்டர் தாங்கியிருப்பார். அடுத்த ஞாயிறே தென்னேரிக்குப் போய், வெறிச்சென்று கிடந்த இடத்தில் இன்னொரு மரம் வைத்திருப்பார்.