லாசரஸின் படமும் கம்ப்யூட்டர் சித்தரும்

சித்தர்கள் மலைக்குகையில் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் 1989-இல் நீங்கள் சிங்கப்பூரில் இல்லை. நம்முடைய சித்தர் மார்சிலிங்கில், ஏழாவது மாடியில், மூன்றறை வீட்டில் இருந்தார். லிஃப்ட் ஐந்தாவது மாடியில்தான் நிற்கும். மிச்ச இரண்டு மாடியைப் பக்தகோடிகள் ஏறித்தான் ஆகவேண்டும். அதுவும் சும்மா இல்லை, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு.

ஆமாம், கம்ப்யூட்டர். மனிதர்களைப் பிடித்த பேயை ஓட்டுவது பழைய தொழில். கோவிந்தசாமி என்ற அந்த மகான் கம்ப்யூட்டரைப் பிடித்த பேயை ஓட்டினார். சிராங்கூன் சாலையிலிருந்து மளிகைக்காரர், நகைக்கடைக்காரர், டியூஷன் வாத்தியார் என்று எல்லாரும் டாக்சி பிடித்து, பெட்டியைப் பச்சைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். படித்தவர்கள்தான் அதிகம். படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு அந்த மாடிப்படியைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்தப் புகழுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் வேலாயுதம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. ஈய எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினார். அதில் வேலை செய்தவள் பிரிஜட். முப்பத்தெட்டு வயது. கணவன் இறந்து இரண்டு வருடம். வீட்டு வாடகையும் இரண்டு பெண்களின் பள்ளிப் படிப்பும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

கல்யாணப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் ஒரு குறையும் வைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலிதான் வம்பு. இறந்தவரின் புகைப்படத்தைப் பக்கத்துக்குள் கொண்டுவந்தால் போதும், திரை உறைந்துவிடும். எந்தச் சாவியைத் தட்டினாலும் பதில் வராது. அணைத்துப் போட்டால் காலையிலிருந்து அடித்த அத்தனையும் போயிருக்கும். ஒரு தரம் இல்லை, அடுத்தடுத்து வந்த நாலு சாவுக்கும் இதே கதி. உயிரோடு இருப்பவர்களுக்கு உழைக்கிறது, செத்தவர்களைக் கண்டால் மிரள்கிறது. வேலாயுதத்துக்கு வியர்த்தது.

சித்தர் வந்தார். திரைமேல் எலுமிச்சம்பழம் வைத்தார். விசைப்பலகைக்குக் குங்குமம் இட்டார். கண்ணை மூடி, "ஆவி படத்துக்குள்ளயே உக்காந்திருக்கு, போகமாட்டேங்குது" என்றார். புகைப்படத்தை மார்சிலிங்குக்கு எடுத்துப்போய், மறுநாள் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு டிஸ்க்கோடு திரும்பினார். அதை உள்ளே போட்டதும் படம் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. வேலாயுதம் சாஷ்டாங்கமாகச் சித்தர் காலில் விழுந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கயிறு, ஒரு பழம், ஒரு தட்சிணை.

பிரிஜட் மட்டும் ஒரு தரம் கேட்டாள். "சாமி, அந்த டிஸ்க்ல என்ன இருக்கு?"

"மந்திரம்."

"எத்தனை கிலோபைட்டு மந்திரம் சாமி?"

கேட்டிருக்கக் கூடாது. அடுத்த வாரமே சித்தருக்கு ஞானதிருஷ்டி பிறந்தது. "வேலாயுதம், ஆவிங்க ஏன் உன் மெஷினையே தேடி வருதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. தாலி இழந்த கை அதைத் தொடுது. அந்தக் கை போனா தோஷம் போகும்." எப்பேர்ப்பட்ட கயவாளித்தனம் பாருங்கள்! கேள்வி கேட்டவளின் சோற்றில் கை வைத்தால், அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்?

வேலாயுதம் பிரிஜட்டின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "என்னைத் தப்பா நினைக்காதே. சனிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை வந்தது. அல்போன்சம்மாளும் அச்சகத்துக்கு வந்திருந்தாள். அவள் கணவர் லாசரஸின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை வேண்டும். கிறிஸ்தவ வேதத்தில் வரும் லாசரஸ், கர்த்தர் கூப்பிட்டவுடன் கல்லறையிலிருந்து எழுந்து வந்தார். சிராங்கூன் லாசரஸோ கம்ப்யூட்டருக்குள் வர மறுத்துவிட்டார். அதனால் அல்போன்சம்மாளும் மார்சிலிங்குக்குப் போய்ப் படத்தைக் கொடுத்திருந்தாள். இன்று சித்தர் கயிறு கட்டிய டிஸ்க்கோடு வருவார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் ஒரு புட்டியில் தேவாலயத்துத் தீர்த்தமும் கொண்டுவந்திருந்தாள். மூடத்தனத்தில் மட்டும் நம்மவர்களுக்கு மதபேதமே கிடையாது.

சித்தர் வந்தார். பின்னால் சந்தே திரண்டு வந்தது, நான் உட்பட. லாசரஸின் படத்தையும் டிஸ்க்கையும் திருப்பிக் கொடுத்தார். கூடவே தன்னுடைய புகைப்படத்தையும் நீட்டினார், கட்டைவிரல் அளவில். "கம்ப்யூட்டர் தோஷ நிவர்த்தி மகா பூஜை பண்ணப் போறேன். நோட்டீஸ் அடிக்கணும். நடுவுல என் முகம் பளிச்சுனு இருக்கணும்."

"கடைசி வேலையா நானே செஞ்சு தர்றேன் சாமி" என்று பிரிஜட் வாங்கிக்கொண்டாள்.

அச்சகத்தின் வழக்கப்படியே செய்தாள். ஸ்கேனரை ஆகநுணுக்கமான அளவில் வைத்து, பெரிதாக்கி எடுத்து, பக்கத்துக்குள் கொண்டுவந்தாள். திரை உறைந்தது.

பிரிஜட் திரும்பினாள். "முதலாளி, செத்தவங்க படத்துக்குத்தானே மெஷின் நிக்கும்? சாமி உயிரோடதானே இருக்காரு?"

உயிர் இருக்கிறதா என்று சித்தர் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொள்ளாத குறை. "அந்தக் கை! அந்தக் கைதான்!"

"சரி. கை மாறட்டும்." கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். வேலாயுதம் தட்டினார். உறைந்தது. சித்தரையே உட்கார வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டினார். அப்போதும் உறைந்தது.

பிரிஜட் மறுபடி உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீழே வைத்தாள். அதே படத்தை நுணுக்கம் குறைத்து, பெரிதாக்காமல் எடுத்தாள். கொண்டுவந்தாள். சித்தர் பக்கத்தின் நடுவில் பல்லைக் காட்டினார். அதே மாதிரி லாசரஸின் அடையாள அட்டைப் படத்தையும் எடுத்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் வந்தார்.

"ஏம்மா, மந்திரம் தெரியுமா உனக்கு?" என்றார் நகைக்கடைக்காரர்.

"கணக்குத் தெரியும் சார்." சிவப்புக் கயிற்றை அவிழ்த்து, டிஸ்க்கைப் போட்டுத் திரையைக் காட்டினாள். "சாமி கொண்டாந்த லாசரஸ் அறுபது கிலோபைட்டு. நாங்க முன்னாடி இங்க எடுத்த லாசரஸ் எண்ணூத்தி நாப்பது. இந்த மெஷினுக்கு மெமரியே ஒரு மெகாபைட்டுதான். அதுலயும் பாதியை சாஃப்ட்வேர் எடுத்துக்குது. மிச்சத்துல எண்ணூத்தி நாப்பது எப்படி நுழையும்?"

"அப்ப ஏன் செத்தவங்களுக்கு மட்டும்?" வேலாயுதம் விடவில்லை.

"கல்யாணக் கார்டுல ஃபோட்டோவே கிடையாதே முதலாளி. பிள்ளையார் கோட்டுப் படம்தான். செத்தவங்களுக்குத்தான் வீட்ல ஐ.சி. அட்டையில இருக்கிற படத்தைக் குடுக்கிறாங்க, இத்தனூண்டு. 'கஸ்டமர் சந்தோஷப்படணும்லா, ஆக ஃபைனா வை, பெருசா எடு'ன்னு சொன்னது நீங்கதான். ஆவி எதுவும் வரலை. உங்க ஆர்டர்தான் வந்துச்சு."

"அம்மனைச் சோதிக்கக் கூடாது" என்று சித்தர் ஏதோ ஆரம்பித்தார். அல்போன்சம்மாள் கையை நீட்டினாள். "இருங்க இருங்க! பிரிஜட், இந்த ஸ்கேனர் மாதிரியே ஒண்ணு இவரு வீட்டு சாமி ரூம்ல இருக்குடி! பட்டுத்துணி போட்டு மூடி, மாலை போட்டு வச்சிருக்காரு. உள்ள ஒரே வெளிச்சமா ஓடுச்சு. நான் பயந்துபோய் அதுக்கு முன்னால சிலுவை வேற போட்டேன்!"

சிரிப்பு சந்தின் கோடிவரைக்கும் போனது. அது அடங்கியபோது சித்தரைக் காணோம்.

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "பிரிஜட், திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடு."

"வர்றேன். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. என் புருஷன் செத்தது லாரி மோதி. உங்க மெஷின் நின்னது மெமரி பத்தாம. ரெண்டுக்கும் என் கைக்கும் சம்பந்தமில்லை. இனிமே யாராவது அப்படிச் சொன்னா, நீங்க சொல்லணும் பதில்."

வேலாயுதம் தலைகுனிந்து சரி என்றார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் கலையும்போது மளிகைக்காரர் என் காதைக் கடித்தார். "அந்தச் சாமி ஃபேக்ஸ் மெஷினுக்கும் பார்ப்பாரா?"

அந்தக் கம்ப்யூட்டரை நான் மரியாதையோடு பார்த்தேன். அடங்காத ஒன்றை உள்ளே திணித்தபோது, முடியாது என்று நின்றுவிட்டது. நம் மண்டைக்குள் எத்தனை சித்தர்களையும் எத்தனை எலுமிச்சம்பழங்களையும் திணித்தாலும் ஒரு நாளாவது அப்படி நின்றதுண்டா? யோசியுங்கள், அதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.