வாளிக்குள் மினுங்கிய இரும்பு

"சேர், ஐஞ்சு நாளாச்சு. இரும்பில ஒரு பொட்டுக் கறள் இல்லை!"

நிவேதிகா ஓடி வந்து சொன்னபோது பொறியியலாளர் கலீலுர் றஹ்மான் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பட்டறையில் அவள் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. கடல்நீர்க் குழாய்களை இறுக்கிப் பிடிக்க நானூறு கிளாம்புகள் வேண்டும். எந்த உலோகத்தில் செய்வது என்பதை அவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம், பிழைவிட்டால் சொந்த ஊரான இலங்கைத்துறைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதனால் சாதாரண இரும்புக் கிளாம்பு ஒன்று, துத்தநாகம் பூசியது ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்று என மூன்றையும் கடல்நீர் வாளியில் தொங்கவிட்டிருந்தாள். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு இரும்பைத் தின்னும் கறள் தெரியாதா? இரும்பு மூன்றாம் நாளே சிவந்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அதுவோ புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது.

"தண்ணி பைப்பில பிடிச்சதோ?"

"இல்லை சேர், நானே கடலுக்க இறங்கி அள்ளினனான்."

"அப்ப உப்புக் காணாது. போடுங்கோ."

இரண்டு கை உப்புப் போட்டாள். மறுநாள் காலை இன்னும் மினுங்கியது. ஒரு உப்புப் பைக்கற்றை முழுதாகக் கொட்டி வாளியை வெயிலுக்கு இழுத்தாள். அடுத்த நாள் இரும்பில் முகம் பார்க்கலாம் போலிருந்தது! பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் மங்கித் தெரிந்தது.

"இது சும்மா இரும்பில்லை, பிள்ளை!" என்றார் றஹ்மான்.

"ஓம் சேர்! நானும் அதைத்தான் நினைச்சனான்!"

ஸ்டீலே வேண்டாம், இரும்பே போதும் என்று அன்றைக்கே அறிக்கை எழுதினாள். நானூறு கிளாம்புக்கும் இரும்பு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். செய்தி கேட்டுக் கொழும்பிலிருந்து முகாமையாளர் பாக்கியரத்தினமே வந்து இறங்கினார். வாளியைச் சுற்றி முழுப் பட்டறையும் கூடிவிட்டது.

"அதிசயம்தான்! உங்கட வேலை இண்டையில இருந்து நிரந்தரம்," என்று அவர் கடிதத்தை நீட்டினார். நிவேதிகாவுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. கைதட்டல் அடங்கும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை.

"சேர், இன்னும் ஒரு கிழமை விடுங்கோ. நாலு மடங்கு உப்புப் போட்டுக் காட்டுறன்!"

அதைக் கேட்டதும், பட்டறையைக் கூட்டித் துடைக்கும் பஸ்மியா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அல்லாவே, வேணாம் மிஸ்! பெரியாக்கள் பாக்கிற சாமான், அசிங்கமாக் கிடக்கக் கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் விடிய வந்து புளி போட்டுத் தேய்க்கிறன். நீங்க உப்பைக் கூட்டக் கூட்ட, அந்தக் கறளை எடுக்க என்னால ஏலாமக் கிடக்கு!"