செங்கோடன் வளர்த்த விஷ்ணுகிரந்தி

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் சுமாராகக் கிடைக்கிற காட்டில், செங்கோடன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். பகலெல்லாம் வளைக்குள் குறட்டை விடுவான். பொழுது சாயும்போது எழுந்து, கொட்டாவி விட்டபடியே போனை எடுத்து, 'பசுமைக் காடு' வாட்ஸப் குழுவில் எல்லாருக்கும் செடி வளர்க்க யோசனை சொல்லுவான். அதுவரை அவன் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. கிழங்கு தின்றிருக்கிறான், அவ்வளவுதான். (இந்தக் கதையைச் சொல்கிறவனும் அதே குழுவில்தான் இருக்கிறான். அதை விடுங்கள்.)

ஒருநாள் காட்டுச் சபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. சும்மா கிடக்கிற சரிவுகளையெல்லாம் செல்ஃபி மேடைக்கு எடுத்துக்கொள்வார்களாம். மூன்று மாதத்துக்குள் பூச்செடி வளர்த்து, ஆய்வு நாளன்று பூவைக் காட்டினால் தப்பிக்கலாம். செங்கோடனின் வளை அப்படியொரு சரளைச் சரிவில்தான் இருந்தது. வேறு போக்கிடம் கிடையாது. நோட்டீஸை மூன்று தடவை படித்துப் பார்த்தான்.

ஆனாலும் குழுவில் வீறாப்பாக எழுதினான்: "விஷ்ணுகிரந்தி போடப்போகிறேன். தரையோடு தரையாகப் படரும். பொடிப்பொடியாய் நீலப் பூ. நமக்கெல்லாம் ஜுஜுபி." இருபத்து மூன்று பேர் கைதட்டினார்கள்.

விதை முளைத்தது, கொடியும் படர்ந்தது. செங்கோடன் தினமும் சாயங்காலம் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்க் குனிந்து பார்ப்பான். இலை இருக்கும். பூவைத்தான் காணோம்.

பக்கத்துப் புதரில் பாவாயி என்ற கீரிப்பிள்ளை குடியிருந்தாள். "ஏனுங்கண்ணா, காலையில உங்க சரிவு பூராவும் நீலமாப் பூத்துக் கெடந்துச்சுங்க. கண்ணு பட்டுரும் போங்க!" என்றாள் ஒருநாள்.

செங்கோடனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அம்மிணி, நானே நொந்து போயிருக்கேன். நக்கல் பண்ணாதீங்க."

"நெசமாத்தானுங்க. மத்தியானம் ஆனா சுருங்கிக்குதுங்க. ஒருநாள் காலையில எந்திரிச்சுப் பாருங்களேன்."

"செடியப் பத்தி எனக்கே பாடமா?" என்று திரும்பிக்கொண்டான்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பூ வரவில்லையே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். சாணியைக் கொட்டினான். வீடியோவில் பார்த்து, மோர் புளிக்க வைத்துத் தெளித்தான். பச்சை வலை வாங்கி நிழல் கட்டினான். பாதிக் கொடி அழுகிப் போயிற்று. மீதிப் பாதி, இத்தனை அக்கறையையும் தாங்கிக்கொண்டு, தினமும் காலையில் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அந்நேரம் செங்கோடன் பூந்தோட்டத்தைக் கனவில் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. போய்ப் பார்த்தான். ஒரு பூ இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வீடுதான் போச்சு, வயிறாவது ரொம்பட்டும்" என்று சரிவிலேயே உட்கார்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் வேரோடு பிடுங்கித் தின்றான். எட்டாததை நகர்ந்து போய்த் தின்றான். கடைசியில் வளை வாசலுக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே மென்று முடித்தான்.

வயிற்றுப் பொருமலும் பயமும் சேர்ந்து கண்ணை மூடவிடவில்லை. பொழுது விடிந்து வெயில் ஏறியது. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போகலாமென்று எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே, ஒரு நசுங்கின கொடி. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலப் பூ, மெல்ல விரிந்துகொண்டிருந்தது. அடியில் மாட்டிக்கொண்டதால்தான் அது அவன் வாய்க்குத் தப்பியிருந்தது.

பாவாயி வந்து சரிவைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, மிச்சமெல்லாம் எங்கீங்கண்ணா?"

"தின்னுட்டேன் அம்மிணி," என்றான். அவமானத்தில் முள்ளெல்லாம் படிந்து போயிருந்தது. "தெனமும் பூத்துச்சா?"

"தெனமுமுங்க."

அதற்குள் ஆய்வு அதிகாரி ஓணான் வந்துவிட்டார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார். சம்மதமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

"பூ இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு சார்."

"எத்தனைன்னு கேக்க இதுல கட்டம் இல்ல. உண்டு, இல்லை, அவ்வளவுதான்." கையிலிருந்த போனில் 'உண்டு' என்பதைத் தட்டினார். பூவுக்கு மிக அருகில் போய்ப் போட்டோ எடுத்தார். திரை முழுக்க ஒரே நீலம். "பிரமாதம்! இந்த மாதிரி சரிவு காட்டுலயே கிடையாது. அடுத்த வாரம் எல்லாருக்கும் நீங்கதான் வகுப்பு எடுக்கணும்."

வீடு தப்பியது. செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான். "பொதுவா, செடிய நாம நல்லாக் கவனிக்கணும் சார்..." என்று ஆரம்பித்தான். பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு புதருக்குள் ஓடினாள்.

நீதி: காலையில் எழ முடியாதவர்கள் சாயங்காலமும் எழாமல் இருந்தால், தோட்டம் செழிப்பாக வளரும்.