பெட்டிக்கு ஏசி போட்ட பத்திரம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. கதாநாயகர் இரண்டு சுவர் தள்ளித்தான் குடியிருக்கிறார். வாய்க்கு இருக்கிற கூர்மை அவர் காதுக்கும் உண்டு.

தெருவில் அவருக்குப் பத்திரம் என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவரே பாடுபட்டுச் சம்பாதித்தது. குடையை இரவல் கொடுத்தால் "பத்திரம்" என்பார். நம்மிடம் வாங்கிப்போன சுத்தியலைத் திருப்பித் தரும்போதும் "பத்திரம்" என்பார். வேலையும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது, ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். ஊரார் சரக்கைக் காத்துக் காத்து, உலகத்தில் எதையும் தன்னைத் தவிர வேறு யாராலும் காப்பாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்ட மனுஷன்.

ஒருநாள் அவர் போன் வாளித் தண்ணீரில் விழுந்து, அதிலிருந்த போட்டோவெல்லாம் கரைந்துபோயின. அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். இந்தக் குடும்பத்தின் ஒரு முகம்கூட இனி அழியக் கூடாது. சபதத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சொல்லக் கதை கிடைத்திருக்காது. கறுப்பாக ஒரு பெட்டி வாங்கிவந்தார். உள்ளே பெரிய பெரிய டிஸ்க். வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர் எல்லாம் காற்று வழியாகவே அதனோடு பேசுமாம். படமும் வீடியோவும் தானாகப் போய் அதற்குள் உட்கார்ந்துகொள்ளுமாம். அதை வீட்டிலிருந்த ஒரே சின்ன அறையில் வைத்தார். வீட்டிலிருந்த ஒரே ஏசியைக் கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டினார். கதவில் அட்டை தொங்கவிட்டார்: "தூசி ஆகாது. உள்ளே வராதீர்." குடும்பம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு தூங்கியது. குடும்பத்தின் படங்கள் குளுகுளுவென்று இருந்தன.

அவர் மனைவி தையல்காரம்மா. இந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்ததுதான். தையல் மெஷின் எங்கே இருந்தது? சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, ஆள் போகிற வழியில். யார் குளிக்கப் போனாலும் துணிக்குவியலைத் தாண்டித்தான் போகணும். அளவு கொடுக்க வருகிற பெண்களைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, குக்கர் விசிலுக்கும் அடுப்பு வெக்கைக்கும் நடுவே அவள் டேப் பிடிப்பாள். அவளுக்கு அந்தச் சின்ன அறை வேண்டும். வேறொன்றும் வேண்டாம். கேட்டும் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ரூம்ல ஒரு ஓரமா மெஷினைப் போட்டுக்கறேனே. அளவு குடுக்க வர்றவங்க கூச்சப்படறாங்க."

"நூல் பறக்கும்மா. ஒரு நூல் பெட்டிக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

"என் மூக்குக்குள்ளயும்தான் தினம் போகுது."

"உன் மூக்குக்கு வாரண்டி கிடையாது. அதுக்கு இருக்கு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

பத்திரம் அப்புறம் அவளை உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தினார். பெட்டி மட்டும் போதாதாம். வெளியே செருகுகிற டிஸ்க் இரண்டு வேணுமாம். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார், மற்றதில் பச்சை. இரண்டிலும் பெட்டியில் இருப்பதன் நகல் இருக்கும். ஆனால் ஒன்று பெட்டியோடு இருந்தால் மற்றது வீட்டுக்கு வெளியே, வேறு இடத்தில் இருக்கணும். வாராவாரம் மாற்றணும். வீடே தீப்பிடித்தாலும் குடும்பத்தின் முகம் மிஞ்சும் என்று கையை விரித்துக் காட்டினார்.

"தீப்பிடிச்சா நாம?" என்று அவள் கேட்டாள்.

"நாம வேற விஷயம்" என்றார்.

உபதேசம் செய்த களைப்பில் இரண்டு டிஸ்க்கையும் பெட்டியின் முதுகில் செருகிவிட்டுப் படுத்துவிட்டார். அன்றோடு சரி. அதன்பிறகு அவர் முதுகுப் பக்கம் போனதே இல்லை. முன்பக்கத்து விளக்குகள் மினுக் மினுக்கென்று எரிவதை நாற்காலி போட்டுப் பார்ப்பார். அதோடு கடமை முடிந்தது.

இன்னொரு காரியமும் செய்தார், அதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தப் பெட்டி சும்மா இருக்காது. நகல் எடுத்துவிட்டேன், சூடாக இருக்கிறேன், இடம் பத்தவில்லை என்று ஓயாமல் மெயில் போடும். யாருக்குப் போடட்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டது. தம் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டிருந்தால் பத்திரத்துக்கு ஆகாது. மனைவியின் முகவரியைத் தட்டிவிட்டார். "சும்மா ஒரு பார்வை பாத்துக்கோ. எல்லாம் சில்லறைச் சமாச்சாரம்" என்றார்.

அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். புரியாததைத் தம்பியிடம் கேட்டாள். தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். பத்திரத்துக்கு மச்சான் முறை, ஆனால் மதிப்பு கிடையாது. "ஐஸ்பெட்டி வைத்தியன்" என்பார். கொஞ்ச நாளில் அவளுக்குப் பெட்டியின் நாடி பிடிபட்டுவிட்டது. "ரெண்டு டிஸ்க்கும் வீட்டுக்குள்ளயே இருக்கேங்க" என்று ஒருதடவை சொன்னாள். எல்லாம் தமக்குத் தெரியும் என்றார் அவர். அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவள் இரண்டாம் தடவை சொல்லாத விஷயங்களைக் கண்டுதான் அவர் பயந்திருக்கணும். பயப்படவில்லை.

ஒருநாள் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இடம் நிரம்பிவிட்டது. எதையாவது அழிக்கணும். பத்திரம் தமது பகுதியை முதலில் புரட்டினார். மொட்டைமாடியில் சூரியன் எழுந்ததும் அவர் எடுத்த படங்கள், அதே சூரியன், அதே மாடி. செத்துப்போன மிக்ஸியின் வாரண்டிச் சீட்டு. இந்தப் பெட்டியைப் பிரித்தபோது தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட வீடியோ, மூன்று கோணத்தில். எல்லாம் சரித்திரம். கை வைக்க மனசு வரவில்லை. அடுத்துக் கண்ணில் பட்டது "தம்பி கல்யாணம்". வீட்டுக்காரி சேர்த்துவைத்தது. இருப்பதிலேயே பெரிசு.

அந்தக் கல்யாண வீடியோமேல் அவருக்கு ஒரு பழைய காய்ச்சல் உண்டு. அவ்வளவு நீள வீடியோவில் அவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார். நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்குகிறார். வீடியோ எடுத்தவன் மெல்ல மெல்லக் கிட்டே போய், வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி எடுத்திருந்தான். சொந்தக்காரர்கள் அந்த இடம் வந்தால் நிறுத்தி நிறுத்திப் போடுவார்கள்.

அழி என்று தட்டினார். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டது. அந்த வீட்டில் அவரிடம் அனுமதி கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். நெகிழ்ந்துபோய் "ஆம்" என்றார். குப்பைத் தொட்டியையும் கொட்டிவிட்டார். பெட்டியில் எது நடந்தாலும் முதுகிலுள்ள டிஸ்க்கிலும் அப்படியே நடக்கும்படி முன்பே ஏற்பாடு. ஆக எல்லா இடத்திலும் சுத்தம். வாய் போயிற்று என்று நிம்மதியாகச் சாய்ந்தார், வாயைப் பிளந்துகொண்டு.

மறுநாள் காலை தையல்காரம்மா காஜா கட்டிக்கொண்டிருந்தாள். போன் டிங்கென்றது. எடுத்துப் படித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம் பெட்டி?" என்றார்.

"சௌக்கியமாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான், மாமனார் மாமியாரோட. கல்யாண வீடியோவை நம்ம டிவியில பாக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப ஆசையாம். உங்க பெட்டியில இருக்குல்ல?"

"இருக்கு" என்றார். "பத்திரமா இருக்கு."

குடோனுக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே நின்று வீடியோக்காரனைத் தேடிப்பிடித்தார். அவன் கேமராவை விற்றுவிட்டுப் பழக்கடை வைத்திருந்தான். வேண்டுமானால் ஆரஞ்சு தருகிறேன் என்றான். வேறு வழியில்லாமல் ஐஸ்பெட்டி வைத்தியனுக்கே போன் போட்டார். சும்மா விசாரிக்கிற மாதிரி, உன் கல்யாண வீடியோ உன்கிட்ட ஒண்ணு இருக்குமே என்றார்.

"ஏது மாமா? 'எங்கிட்ட இருக்கறதே போதும், உன் ஓட்டை கம்ப்யூட்டர்ல எதுக்கு'ன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்பவே அழிச்சிட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு நடந்துவரும்போது யோசனை உதித்தது. வீடியோ மட்டும் காணோம் என்றால் கேள்வி வரும். பெட்டியே செத்துப்போனால்? சாவுக்கு யார் கணக்குக் கேட்பார்கள்? வந்த வேகத்தில் அறைக்குள் போய் ப்ளக்கைப் பிடுங்கினார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது, துண்டால் கண்ணைத் துடைத்ததைக் குறைத்திருக்கலாம்.

"பெட்டி போயிடுச்சும்மா."

"எங்க?"

"செத்துப்போச்சு. சூடு தாங்கல."

"ஏசியிலயா?"

"இது உள்சூடு. ஏசிக்குக் கட்டுப்படாது. எல்லாம் போச்சு. உன் தம்பி கல்யாணமும் போச்சு."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"அப்ப அதுக்கு இனிமே ஏசி வேண்டாம்?"

"எதுக்கு, செத்ததுக்கு?"

"தூசி பட்டாலும் ஒண்ணும் ஆகாது?"

"இனிமே என்ன ஆகணும்" என்றார், பெருமூச்சோடு. பெருமூச்சு பாதியிலேயே நின்றது. ஆனால் அதற்குள் அவள் போய்விட்டாள்.

மெஷின் கடகடவென்று உருண்டு சின்ன அறைக்குள் நுழைந்தது. அதற்கு அடியில் சக்கரம் எப்போது முளைத்தது என்று பத்திரத்துக்குத் தெரியாது. துணி மூட்டை, இஸ்திரிப்பெட்டி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் பின்னாலேயே போயின. பெட்டி வாசல்பக்கத்துச் செருப்பு அலமாரிமேல் வந்து உட்கார்ந்தது, சிவப்பு டிஸ்க் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு. பத்திரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்றால் வீடியோ எங்கே என்பாள். உயிர் இல்லை என்றால் அறை போயிற்று. அந்த வாரம் முழுக்க ஏசி அறையில் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் வேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான், பெண்டாட்டியும் மாமனார் மாமியாரும் கூட. செருப்பைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா ஆச்சு இதுக்கு?"

"போயிடுச்சுப்பா. உள்சூடு."

அவன் தொழில்காரன். எந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். "ப்ளக்கே போடலயே மாமா" என்று செருகினான். பெட்டி கீச்சென்றது. விளக்கெல்லாம் வரிசையாக எரிந்தன. மாமியார்க்காரி, கை ராசிக்கார மாப்பிள்ளை என்று பூரித்துப்போனாள்.

"உயிர் வந்தாலும் ஞாபகம் வராது" என்று அவசரமாகச் சொன்னார் பத்திரம். "அந்தக் கல்யாணம் மட்டும் அழிஞ்சிருக்கும்."

"அது எப்படி மாமா, அது மட்டும்?"

"அது கிடக்குதுடா" என்று தையல்காரம்மா குறுக்கே வந்தாள். "நீ கொண்டு வந்தியா?"

தம்பி பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தான். பச்சை ஸ்டிக்கர். "ஓடாத ஃபிரிட்ஜ் ஒண்ணுக்குள்ள வச்சிருந்தேங்க்கா. தூசி இல்ல, எலி இல்ல. ஏசிகூட வேண்டாம்."

டிவியில் செருகினார்கள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிரித்தான், மாமியார் அழுதாள். கடைசியில் அந்த இடம் வந்தது. தையல்காரம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். டிவியில் ஒரு திறந்த வாய். அதற்கு நேர் எதிரே சோபாவில் அதே வாய், அதே அகலத்துக்கு.

விருந்தாளிகள் மொட்டைமாடியைப் பார்க்கப் போன நேரத்தில் பத்திரம் மெல்ல அவள் பக்கம் வந்தார்.

"பச்சை டிஸ்க்கு எப்ப வெளிய போச்சு?"

"வெளிய இருக்கணும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க. நீங்க மறந்துட்டீங்க, நான் மறக்கல. டிஸ்க்கைக் காணோம்னு பெட்டி தினம் கத்துச்சு. எங்கிட்டதான் கத்துச்சு."

"அப்ப அன்னிக்கு நான் அழிச்சதும்..."

"யார் அழிச்சாங்க, எத்தனை மணிக்கு அழிச்சாங்க, குப்பையை எப்பக் கொட்டினாங்க, எல்லாம் எழுதியிருந்துச்சு. சில்லறைச் சமாச்சாரம், அதான் உங்ககிட்ட சொல்லல."

பத்திரம் குரலில் தேன் தடவிக்கொண்டு, "அதான் பெட்டிக்கு உயிர் வந்திருச்சே. பழையபடி ரூமுக்குள்ளயே..." என்று இழுத்தார்.

"ரூமுக்குள்ளதாங்க செத்துச்சு. செருப்பு மேல வச்சதும் எழுந்துக்கிச்சு. அந்த ரூம் அதுக்கு ராசியில்ல."

பச்சைக்கு மட்டும் நகல் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்திவைத்து, அதைப் பெட்டியின் முதுகில் செருகினாள். போன கல்யாணத்தைப் பெட்டிக்குள் திரும்பக் கொண்டுவந்த பிறகு சிவப்பை உருவி, வெட்டி மிஞ்சிய துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். இனி வாராவாரம் தம்பி கடையில் கொண்டுபோய் அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வரவேண்டியது அவர் வேலை என்றாள். பிறகு, "பத்திரம்" என்றாள்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் போய்ச் சின்ன அறைக் கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது. எழுதி ரொம்ப நாளாகியிருக்கும், மை வெளுத்துப்போயிருந்தது.

"அளவெடுக்கும் அறை. ஆண்கள் உள்ளே வராதீர்."