விசிலும் பறியும்

புதுச்சேரியில் கடலுக்கு அடுத்தபடியாக ஓயாமல் சத்தம் போட்டவர் எங்கள் ஆபீஸ் வனக்காவலர்தான். சொந்தப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் விசில். ஆடு மேய்ந்தால் ஊதுவார், அதிகாரியின் ஜீப் கோணலாக நின்றால் ஊதுவார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தன் இலையைத் தாண்டிப் போனதற்கும் ஊதினார். நான் அதே ஆபீசில் டைப்பிஸ்ட். அவர் உள்ளே நுழைந்தாலே காதைப் பொத்திக்கொள்வேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். ஆற்றோரம் இருக்கும் தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டில் யார் யாரோ லாரி லாரியாகக் கட்டட இடிசலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வேலி போட்டுவிடலாம் என்றார் அதிகாரி. வேலி வந்தால், தலைமுறை தலைமுறையாக அங்கே கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பு போச்சு.

விசில் விடவில்லை. "சார், விடிஞ்சா பொழுது போனா அங்கியே கெடக்கறவங்க அவங்க. வேலிக்கு கண்ணா இருக்குது? அவங்களையே காவலுக்கு சேத்துக்குவோம் சார்."

"மழைக்காலம் வரைக்கும் பாக்கறேன்யா. அதுக்குள்ள ஒரு லாரி கொட்டினாலும் வேலிதான்" என்றார் அதிகாரி.

மறுநாளே விசில், இருளர் பெண்களுக்கு ஆளுக்கொரு விசில் கொடுத்து, லாரி வந்தால் ஊதச் சொல்லிப் பயிற்சியும் கொடுத்தார். அவர்களில் மூத்தவளான அஞ்சலை ஏதோ சொல்ல வந்தாள். இவர் ஊதிய ஊதலில் அது யார் காதிலும் விழவில்லை.

அதிகாரி பார்வையிட வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். "நீ ஊதாத. அவங்க காவல் எப்படின்னு பாக்கணும்" என்று விசிலிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். லாரியும் பார்த்து அன்றைக்கே வந்து தொலைத்தது. தண்ணீரில் பெண்கள் இருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. விசில் முகம் வெளுத்துவிட்டது.

எப்படி ஊதுவார்கள்? சேற்றைத் துழாவி இறால் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையை, அவர்கள் பறி என்பார்கள், பல்லால் கவ்வித் தொங்கவிட்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் அன்றைய இறால் மொத்தமும் ஆற்றோடு போய்விடும்.

பெண்கள் கரையேறினார்கள். தலை முதல் கால் வரை சேறு, வாயில் பறி. வரிசையாக லாரிக்கு முன்னால் போய் நின்று முறைத்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். யாரும் அசையவில்லை. இரண்டாம் தரம் அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. ரிவர்ஸ் எடுத்தவன், அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை வண்டியைத் திருப்பவே இல்லை என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அதற்கப்புறம்தான் அஞ்சலை பறியை இறக்கிவிட்டு விசில் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே சொல்ல வந்தேன் சார். நீ எங்க பேச உட்ட?"

வேலி வரவில்லை. எங்கே நிற்பது, யார் எப்போது பார்ப்பது என்று அவர்களிடமே கேட்டு இலாகா காவலை அமைத்தது. கரையில் ஒருத்தி பறியில்லாமல் நின்றாள், விசிலோடு. இடிசல் லாரிகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. காடு நிற்கிறது. எங்கள் ஆபீஸ் செய்த காரியம் என்று நான் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் ஒன்று இதுதான்.

விசில் ரிட்டையர் ஆன அன்று, அந்தப் பெண்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்து ஒன்றாக ஊதினார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. இவரும் பதிலுக்கு விசிலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. காதைப் பொத்தத் தூக்கிய கையை நான் இறக்கிக்கொண்டேன். இந்த மனுஷன் ஒரே ஒரு தரம் ஊதிவிடக் கூடாதா என்றிருந்தது எனக்கு.